உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை!

2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடதமிழகத்தில் மழை கொட்டித் தீர்த்த மாதம் அது. எங்கள் வீட்டில் கொடி கட்ட இடமில்லை. கூடத்து நாற்காலிகளின் முதுகில்கூட ஈரத்துணி தொங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் சலவை இயந்திரத்தின் பிழியும் தொட்டி நின்றுபோனது. மூடியை மூடி, டைமரைத் திருகினால் 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் மட்டும் வரும், தொட்டி அசையாது. என் தாயார் விடவில்லை. திருகினார், நிறுத்தினார், மறுபடியும் திருகினார். ஏழெட்டு முறை ஆனபின் இலேசாகத் தீய்ந்த வாடை வந்தது.

மறுநாள் வந்த மெக்கானிக் பின்தகட்டைக் கழற்றினார், மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்தார், "மோட்டார் எரிஞ்சு போச்சு சார்" என்றார். புது மோட்டார் மாட்டினார். தொட்டி சுற்றியது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். பழைய மோட்டாரை வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன். எரிந்த சுருள் எப்படியிருக்கும் என்று மாணவர்களுக்கு வெட்டிக் காட்டலாம் என்பது என் எண்ணம்.

அந்த மோட்டாரைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போன கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்த உறுமலை நாம் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

பல வீடுகளில் இருப்பது இரட்டைத் தொட்டி இயந்திரம். ஒரு பக்கம் துவைப்பதற்கு, மறுபக்கம் பிழிவதற்கு. பிழியும் பக்கத்தைக் கடைக்காரர் முதல் வீட்டார் வரை எல்லாரும் 'டிரையர்' என்கிறார்கள். உலர்த்துவது என்றால் நீரை ஆவியாக்குவது. இந்தத் தொட்டி அப்படி எதுவும் செய்வதில்லை. நம் கை முறுக்கிப் பிழிவதைத்தான் அது வேறு வழியில் செய்கிறது. ஆகவே பிழிதொட்டி என்றே அழைப்போம்.

பிழிதொட்டி எப்படிப் பிழிகிறது? வகுப்பில் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "மையவிலக்கு விசை நீரை வெளியே தள்ளுகிறது" என்பார்கள். விடைத்தாளில் மதிப்பெண்ணும் கிடைக்கலாம். ஆனால் வெளியே நின்று பார்க்கும் நமக்கு, நீரை வெளியே தள்ளுவது யார்? அங்கே அப்படி ஒருவரும் இல்லை. ஒரு துணி வட்டமாகச் சுற்ற வேண்டுமானால் அதை மையத்தை நோக்கி எப்போதும் யாராவது இழுத்தோ தள்ளியோ கொண்டிருக்க வேண்டும். தொட்டியின் சுவர் அந்த வேலையைச் செய்கிறது. துணியை உள்நோக்கித் தள்ளுகிறது. இதுவே மையநோக்கு விசை. துணியிழைகளுக்கிடையே இருக்கும் நீரை யார் உள்நோக்கித் தள்ளுவது? இழைகள் ஓரளவு பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடி போதாமல் போகும்போது நீர் துணியை ஊடுருவிச் சுவரை அடைகிறது. சுவரில் ஓட்டை இருக்குமிடத்தில் நீரைத் தடுக்கச் சுவர் இல்லை. ஆகவே நீர், நியூட்டனின் முதல் விதிப்படி, தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேர்கோட்டில் போய்விடுகிறது. அந்தக் கோடு வட்டத்தின் தொடுகோடு. மழையில் நனைந்த குடையைக் காம்பைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். துளிகள் குடைக்கம்பியின் நீட்சியாகப் பாய்வதில்லை, விளிம்பைத் தொட்டுக்கொண்டு சாய்வாகப் பாயும்.

இனி ஒரு சிறு கணக்கு. பிழிதொட்டியின் ஆரம் சுமார் 12 செ.மீ. நிமிடத்துக்குச் சுமார் 1350 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். வினாடிக்கு 22.5 சுற்று. இதை 2π-ஆல் பெருக்கினால் கோணத் திசைவேகம் வினாடிக்கு 141 ரேடியன். இதன் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். ஏறத்தாழ 2400 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கம் 9.8. அதாவது சுவரோரத்திலுள்ள ஒரு கைக்குட்டை தன் எடையைப்போல் 245 மடங்கு விசையோடு சுவரில் அழுந்துகிறது! எந்தக் கையும் துணியை இப்படிப் பிழிய முடியாது. கொடியில் தொங்கும் துணியில் நீரை இறக்குவது ஒரு மடங்கு ஈர்ப்பு. இங்கே 245 மடங்கு. அதனால்தான் இரண்டே நிமிடத்தில் புடவை சொட்டாமல் வெளியே வருகிறது.

விளிம்பின் வேகத்தையும் பார்த்துவிடுங்கள். 141-ஐ 0.12-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 17 மீட்டர். மணிக்கு 61 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பேருந்து போகும் வேகம். தொட்டி நிற்குமுன் துணியை எடுக்கக் கைவிடுவது, ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கைநீட்டி மரக்கிளையைப் பிடிப்பதற்குச் சமம். ஈரத்துணி 3 கிலோ என்றால் அதன் இயக்க ஆற்றல் 430 ஜூல் அளவுக்கு வருகிறது. அதே 3 கிலோவை நான்கு மாடி உயரத்திலிருந்து போட்டால் தரையை அடையும்போது இருக்கும் ஆற்றல் அது. மூடியைத் திறந்ததும் மின்னோட்டம் அறுபடவும், ஒரு பிரேக் தொட்டியைப் பிடித்து நிறுத்தவும் இதற்காகவே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு இயந்திரத்தில் மூடியைத் திறந்தபின்னும் தொட்டி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் தேய்ந்துவிட்டது என்று பொருள். 'சுற்றவில்லை' என்று புகார் சொல்ல ஆள் உண்டு; 'நிற்கவில்லை' என்று யாரும் புகார் சொல்வதில்லை. எனக்கு இரண்டாவது கோளாறுதான் அச்சம் தருகிறது.

இப்போது சுற்றாத தொட்டிக்கு வருவோம். இயந்திரத்தைத் திறக்க வேண்டாம், கருவி எதுவும் வேண்டாம். காது போதும். டைமரைத் திருகியதும் ஒலி எதுவும் இல்லையா, அல்லது உறுமல் கேட்கிறதா? இந்த ஒரே கேள்வி பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

ஒலியே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே அறுந்தது? துவைக்கும் பக்கத்தை ஓட்டிப் பாருங்கள். இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு: ஒரே பெட்டிக்குள் இரண்டு மோட்டார்கள், இரண்டுக்கும் ஒரே மின்கம்பி, ஒரே ப்ளக். துவைக்கும் பக்கம் ஓடினால் சுவர்ச் சுவிட்சு, ப்ளக், கம்பி எல்லாம் சரி. குறை பிழியும் பக்கத்துக்கே உரியது. ஆய்வகத்தில் ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றதைச் சோதிப்போமே, அதே முறைதான். பிழியும் பக்கத்துக்கே உரியவை என்றால் டைமர், மூடிச் சுவிட்சு, மோட்டாருக்குள்ளேயே இருக்கும் வெப்பக் காப்பு ஆகிய மூன்றும்தான். இவற்றில் அடிக்கடி குறும்பு செய்வது மூடிச் சுவிட்சு. மூடியைப் பல முறை திறந்து மூடுவதால் அதன் நாக்கு தேய்ந்து, மூடி மூடியிருந்தும் சுவிட்சு சேராமல் போகிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியை மெதுவாக மூடிக் கேளுங்கள்; 'கிளிக்' என்று சின்ன ஒலி வர வேண்டும். அதைத் தாண்டி உங்களுக்கு வேலையில்லை. சிலர் மூடிச் சுவிட்சை ஒரு கம்பியால் சேர்த்து முடிந்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பார்கள். தொட்டி சுற்றும், உண்மைதான். ஆனால் மூடி திறந்திருக்கும்போதும் அது மணிக்கு 61 கிலோமீட்டரில் சுற்றும்! அப்படிச் செய்ய யாரையும் விடாதீர்கள்.

உறுமல் கேட்டால்? மின்சாரம் மோட்டாரை அடைந்துவிட்டது. மோட்டார் முயல்கிறது, முடியவில்லை. இங்கேதான் பெளதிகம் சுவையாகிறது.

வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். வினாடிக்கு 50 சுற்று. மோட்டாரின் நிலையான பகுதியில் சுற்றப்பட்ட செம்புச் சுருளில் இது பாயும்போது ஒரு காந்தப்புலம் தோன்றி வளர்கிறது, தேய்கிறது, திசை மாறி வளர்கிறது, மறுபடி தேய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம். வினாடிக்கு 100 முறை இரும்புத் தகடுகளை அது இழுத்து விடுகிறது. நாம் கேட்கும் அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸ் ஒலி. மின்மாற்றியின் அருகே நின்றாலும் இதே சுருதிதான் கேட்கும்.

ஆனால் கவனியுங்கள்: அந்தப் புலம் ஒரே கோட்டில்தான் முன்னும் பின்னும் போகிறது. அது சுற்றவில்லை. சுற்றாத புலம் உள்ளேயிருக்கும் சுழலியை எந்தப் பக்கமாகச் சுற்றச் சொல்லும்? வலப்பக்கமும் இடப்பக்கமும் சமம். எனவே சுழலி திகைத்து நிற்கிறது.

பழைய மிதி தையல் இயந்திரம் உங்கள் வீட்டிலோ தையற்கடையிலோ இருந்தால் போய்ப் பாருங்கள். மிதிப்பலகை மேலும் கீழும் ஆடுகிறது. சக்கரமோ வட்டமாகச் சுற்றுகிறது. இணைப்புத் தண்டு நேர்மேலேயோ நேர்கீழேயோ நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகராது. தையற்காரர் என்ன செய்கிறார்? கையால் மேற்சக்கரத்தை ஒரு தட்டு தட்டுகிறார். அவ்வளவுதான், பிறகு மிதி தானே பார்த்துக்கொள்கிறது. தெரியாதவர் எதிர்ப்பக்கம் தட்டினால் இயந்திரம் எதிர்ப்பக்கமாகவே ஓடி நூலை அறுத்துவிடும். மிதிக்கு இரண்டு திசையும் ஒன்றே. தொடக்கத் தட்டுதான் திசையைச் சொல்கிறது. ஒற்றைச் சுருள் மோட்டாரின் நிலை அச்சு அசல் இதுவே.

அந்தத் தொடக்கத் தட்டை மோட்டாருக்கு யார் கொடுப்பது? ஒவ்வொரு முறையும் தொட்டியை நாம் கையால் சுற்றிவிட முடியாதே. அதற்காக மோட்டாரில் இரண்டாவது சுருள் ஒன்றை, முதற் சுருளுக்குக் குறுக்காக வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்னோட்டம் உச்சமடைந்தால் பயனில்லை. இரண்டு புலமும் சேர்ந்து மறுபடியும் ஒரே கோட்டில்தான் ஆடும். ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியில் இருக்க வேண்டும். ஒன்று தேயும்போது மற்றது வளர வேண்டும். அப்போது தொகுபயன் புலம் இந்தச் சுருளிலிருந்து அந்தச் சுருளுக்கு, அங்கிருந்து எதிர்ப்பக்கத்துக்கு என்று வட்டமாக நகரும். இதுவே சுழல் காந்தப்புலம். மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டே இதை உண்டாக்கலாம் என்று 1880-களில் இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும், அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டார்கள். டெஸ்லாவின் மோட்டாருக்கு 1888-இல் காப்புரிமை கிடைத்தது.

சுழலும் புலம் சுழலியைத் தன் பின்னால் இழுத்துச் செல்லும். சுழலிக்கு மின்கம்பி எதுவும் கிடையாது. அலுமினியப் பட்டைகளால் ஆன ஓர் அணில்கூண்டு போன்ற அமைப்பு அது. புலம் அதைக் கடந்து செல்லும்போது பட்டைகளில் தூண்டப்படும் மின்னோட்டமே அதைக் காந்தமாக்கி இழுக்கிறது. தூண்டல் மோட்டார் என்ற பெயர் இதனால் வந்தது.

இரண்டு சுருளுக்கும் கிடைப்பது ஒரே வீட்டு மின்சாரம். அவற்றின் உச்சங்களை முன்பின்னாகப் பிரிப்பது எப்படி? மின்தேக்கி! இரண்டாவது சுருளுடன் ஒரு மின்தேக்கியைத் தொடராக இணைத்தால் அதில் பாயும் மின்னோட்டம் முந்திக்கொள்கிறது. முதற் சுருளின் மின்னோட்டமோ, சுருள்களின் இயல்புப்படி, பிந்துகிறது. இரண்டுக்கும் கால் சுற்று அளவுக்கு வேறுபாடு கிடைத்துவிட்டால் போதும். பிழியும் மோட்டாருக்கு 5 மைக்ரோஃபாரட்டை ஒட்டிய மின்தேக்கி இருக்கும். கடையில் மின்தேக்கி என்று கேட்டால் விழிப்பார்கள். 'கண்டென்சர்' என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கூரை மின்விசிறியிலும் இதே ஏற்பாடுதான். சுவிட்சைப் போட்டும் சுற்றாமல் உறுமிக்கொண்டிருக்கும் விசிறியைக் குச்சியால் தள்ளிவிட்டதும் அது மெல்லச் சுற்றத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குச்சி தையற்காரரின் கையாக வேலை செய்தது. மின்தேக்கி செத்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மின்தேக்கி ஏன் சாகிறது? அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. மின்னழுத்தம் திடீரென எகிறும்போது படலத்தில் எங்காவது ஊசிமுனை அளவு துளை விழுகிறது. உடனே அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிப் போய், குறுக்குச் சுற்று ஏற்படாமல் காப்பாற்றுகிறது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சிறிது பரப்பளவு போய்விடுகிறது. பரப்பு குறைந்தால் மின்தேக்குத் திறன் குறையும் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல 5 மைக்ரோஃபாரட் நான்காகி, மூன்றாகி, ஒருநாள் தொட்டியைத் தட்டிவிட வலுவில்லாமல் போகும். வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும்.

இனி என் மோட்டார். ஆய்வக மேசைமேல் வைத்து ஓம்மீட்டரால் இரண்டு சுருளையும் அளந்தேன். இரண்டும் அறுபடவில்லை, உடற்கூட்டோடு ஒட்டவும் இல்லை. எரிந்த மோட்டார் இப்படி இருக்காது. பழைய மின்தேக்கியை அளந்தேன். மேலே 5 என்று அச்சிட்டிருந்தது, அளவி 1.7 காட்டியது. வேறு மின்தேக்கி ஒன்றை இணைத்து மின்சாரம் கொடுத்தேன். 'விர்' என்று சுற்றியது, என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல! நூறு ரூபாய் அளவில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. சுழல் காந்தப்புலத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தவன் நான். என் வீட்டிலேயே அது உறுமியபோது எனக்குக் கேட்கவில்லை.

மெக்கானிக் என்னை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் முகர்ந்த தீய்ந்த வாடை மெய்தான். சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். அந்த ஆற்றலெல்லாம் வெப்பமாகிறது. என் தாயார் ஏழெட்டு முறை திருகியதில் சுருளின் மேற்பூச்சு சுட்டு வாடை வந்திருக்கிறது. இன்னும் பத்து முறை திருகியிருந்தால் மெய்யாகவே எரிந்திருக்கும். ஆகவே ஒன்றை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: உறுமல் கேட்டு, தொட்டி சுற்றவில்லையென்றால் ஐந்து வினாடிக்குள் நிறுத்திவிட வேண்டும். 'இன்னொரு முறை பார்ப்போம்' என்பதே நூறு ரூபாய்க் கோளாறை இரண்டாயிரம் ரூபாய்க் கோளாறாக்குகிறது.

உறுமினாலே மின்தேக்கிதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மோட்டார் நலமாக இருந்து, யாரோ தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் இதே ஒலி வரும். பிடிப்பவர் யார்? பெரும்பாலும் ஒரு குழந்தைக் காலுறை அல்லது கைக்குட்டை. துணிகளின்மேல் வைக்கும் உள்மூடியை வைக்க மறந்தால், சிறு துணி மேலே எழும்பி, உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே விழுந்து, அடியில் தண்டைச் சுற்றிக்கொள்கிறது. அடுத்தது பிரேக். அதை விடுவிக்கும் கம்பி அறுந்தோ துருப்பிடித்தோ போனால், மூடியை மூடினாலும் பிரேக் விடாது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூடியைத் திறந்து, கையால் தொட்டியைத் திருப்பிப் பார்த்து, "இறுகிக் கிடக்கிறது" என்பார்கள். மூடி திறந்திருக்கும்போது பிரேக் பிடித்திருப்பதுதானே சரி! மூடியை மூடினால் பிரேக் விடும். ஆனால் கை உள்ளே போகாது. மின்சாரத்தைத் துண்டித்து, மூடியை மூடி, பின்தகட்டைக் கழற்றி, மோட்டாருக்கு மேலுள்ள இணைப்பைக் கையால் திருப்பிப் பார்ப்பதே முறை. அது மெக்கானிக்கின் வேலை. தளர்வாகத் திரும்பினால் மின்தேக்கியை ஐயப்படலாம். இறுகியிருந்தால் துணியையோ பிரேக்கையோ தாங்கியையோ தேட வேண்டும்.

வடிகுழாயைக் கீழே இறக்க மறப்பதும் நடப்பதுண்டு. நீர் போக வழியின்றி வெளித்தொட்டியில் தேங்க, உள்தொட்டி நீரைக் கடைந்துகொண்டு திணறும். மின்னழுத்தக் குறைவையும் மறக்கக்கூடாது. தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180-ஆகக் குறைந்தால் திருப்புவிசை 61 விழுக்காடுதான். மாலையில் உறுமி நிற்கும் தொட்டி விடியற்காலையில் ஒழுங்காகச் சுற்றினால் இயந்திரத்தைக் குறைசொல்லாதீர்கள்.

சுற்றத் தொடங்கி, 'தட தட' என்று இடித்துக்கொண்டு நின்றால் அது வேறு கதை. ஒரு கனத்த ஜீன்ஸ் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். ஒரு பக்கம் வெறும் 200 கிராம் கூடுதலாக இருக்கட்டும். முழு வேகத்தில் அதைச் சுற்றவைக்க 480 நியூட்டன் விசை வேண்டும். அது ஒரு சிமென்ட் மூட்டையின் எடை. அந்த மூட்டை தண்டை வினாடிக்கு 22 முறை திசைதிசையாக இழுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நிறுத்தி, துணியை வட்டமாகப் பரப்பி வைத்தால் போதும்.

முழுத் தானியங்கி இயந்திரங்களில் இவற்றில் பலவற்றை இயந்திரமே உணர்ந்து சுற்ற மறுத்துவிடும்: நீர் வடியவில்லை, மூடி சேரவில்லை, சுமை சாய்ந்திருக்கிறது என்று. இன்வெர்ட்டர் வகை மோட்டாரில் அந்த மின்தேக்கியே இல்லை. மூன்று சுருள்களுக்கு மின்னணுச் சுற்றே முறைவைத்து மின்னோட்டத்தை அனுப்புகிறது. ஆனால் அங்கும் சுழலியை இழுப்பது சுழல் காந்தப்புலந்தான்.

எச்சரிக்கை ஒன்று பாக்கி. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். மின்தேக்கி மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். நலமான மோட்டாரில் அது சுருள்கள் வழியே உடனே வடிந்துவிடும். ஆனால் நாம் திறப்பது கோளாறான மோட்டாரை! சுருளோ இணைப்போ அறுந்திருந்தால் மின்னூட்டம் வடிய வழியில்லை. நம் மின்வழங்கலின் உச்ச மின்னழுத்தம் 325 வோல்ட். 5 மைக்ரோஃபாரட்டில் அது கால் ஜூல் ஆற்றலைத் தேக்கும். தொட்டவர் கையை உதறி எங்காவது இடித்துக்கொள்ள அது தாராளம். எனவே பின்தகட்டுக்கு அப்பால் உள்ளது மெக்கானிக்கின் உலகம். இப்பால் நின்று கேட்பதும் எண்ணுவதும் உங்களுடையது. அடுத்த முறை அவர் வரும்போது "அண்ணா, துவைக்கிற பக்கம் ஓடுது, இந்தப் பக்கம் உறுமுது, வாடை எதுவும் வரல, கண்டென்சரை முதல்ல பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் 2022-இல் இப்படித்தான் சொன்னாள். அவர் அவளைக் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டு, பையிலிருந்து முதலில் மின்தேக்கியைத்தான் எடுத்தார்.

உங்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டுப் பிழிதொட்டியின் ஆரத்தை, அது நின்றிருக்கும்போது, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை இயந்திரத்தோடு வந்த கையேட்டில் பாருங்கள். முடுக்கம் ஈர்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கிடுங்கள். பிறகு இதற்கு விடை தேடுங்கள்: அதே வேகத்தில், ஆரம் இருமடங்கான தொட்டி நன்றாகப் பிழியுமா? அதே ஆரத்தில், வேகம் இருமடங்கானது நன்றாகப் பிழியுமா?